பல் பிடுங்கிய மூன்றாம் நாள்

முரசுமோட்டையில் இருக்கும் என் அத்தானுக்கு, காலபோக அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு மாசி மாதத்தில் கீழ்த்தாடைக் கொடுப்புப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். அன்றைக்குப் பெரிய வலி இல்லை. விறைப்பு ஊசியின் மரப்பு இறங்கியதும் இரண்டு பனடோல் போட்டார். மறுநாள் காலையில் வழக்கம்போல் வயல் வரம்பில் நின்றார். மூன்றாம் நாள் இரவுதான் வினை தொடங்கியது. பல் இருந்த இடத்திலிருந்து காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் இழுத்துக்கொண்டு போன வலி, விடியும்வரை அவரை முற்றத்தில் நடக்கவைத்தது.

அதன்பின் வீட்டில் நடந்ததை வன்னியில் எவரும் ஊகித்துவிடலாம். முதலில் மீண்டும் பனடோல். அடுத்த நாள் கராம்பை மென்று குழிக்குள் அடக்கிக்கொண்டார். அதற்கடுத்த நாள், அயல் வீட்டில் யாருக்கோ கொடுத்து மிஞ்சிய அமொக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசைகள் வந்து சேர்ந்தன. ஒரு நண்பர் சாராயத்தால் கொப்பளிக்கச் சொன்னார். இன்னொருவர் புகையிலைத் துண்டை வைக்கச் சொன்னார். ஒன்பதாம் நாள் அத்தானின் தாயார், என் மாமி, கொய்யா இலை அவித்த நீரைக் கொப்பளிக்கக் கொடுத்தார். பதினோராம் நாள் வலி போய்விட்டது. அன்றுமுதல் பரந்தன் சந்தியில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு யார் வந்தாலும் அத்தான் கொய்யா இலையைத்தான் சொல்கிறார்.

அத்தான் பொய் சொல்லவில்லை. கொய்யா இலை நீரைக் கொப்பளித்ததும் உண்மை, வலி போனதும் உண்மை. ஆனால் முதலாவதால்தான் இரண்டாவது நடந்ததா? இந்தக் கேள்விக்கு விடை காண்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். நான் பல் வைத்தியன் அல்லன். பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவன். பிடுங்கிய பல்லின் குழி அளவுக்கு இந்தக் கேள்வியைத் தெளிவாகக் காட்டும் இடம் மனித உடலில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

குழிக்குள் நடப்பது

பல்லைப் பிடுங்கியதும் தாடை எலும்பில் ஒரு குழி மிஞ்சுகிறது. அந்தக் குழியில் இரத்தம் நிரம்பிச் சிறிது நேரத்தில் உறைகிறது. முழங்கால் உரசிய இடத்தில் பொருக்குக் கட்டுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வாய்க்குள் ஈரம் என்பதால் இங்கே கட்டுவது காய்ந்த பொருக்கு அல்ல, ஈரலைப் போன்ற கருஞ்சிவப்புக் கட்டி. ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலைபோலப் பின்னி இரத்த அணுக்களைப் பிடித்து வைத்திருப்பதால் அது குலையாமல் நிற்கிறது.

அந்த உறைகட்டிக்கு இரண்டு வேலைகள். ஒன்று, குழியின் சுவராக இருக்கும் எலும்பையும் அதிலுள்ள நரம்பு நுனிகளையும் எச்சிலிலிருந்தும் சோற்றுப் பருக்கையிலிருந்தும் மூடிக் காப்பது. மற்றது, புதிய சதை ஏறி வளர்வதற்கான பந்தலாக நிற்பது. கொடி படரப் பந்தல் வேண்டும். பந்தல் சரிந்தால் கொடி செத்துப்போகாது, ஆனால் தரையில் தவழ்ந்து தவழ்ந்து மெல்லத்தான் மேலே வரும்.

சிலருக்கு இந்தக் கட்டி சரியாக உருவாவதில்லை, அல்லது உருவான பின் கரைந்துபோகிறது. எலும்பு திறந்து கிடக்கிறது. இதைத்தான் மருத்துவர்கள் ‘ட்ரை சொக்கட்’ என்கிறார்கள். தமிழில் உலர் குழி என்று சொல்லலாம். அமெரிக்கப் பல் வைத்தியரான கிராஃபோர்ட் 1896ஆம் ஆண்டில் இந்தப் பெயரில் இதை விவரித்தார். கட்டி ஏன் கரைகிறது என்பதற்கு, 1970களின் தொடக்கத்தில் டென்மார்க்கைச் சேர்ந்த பிர்ன் கொடுத்த விளக்கம் இன்றும் பெரிதும் ஏற்கப்படுகிறது. இரத்தக் கட்டிகளைக் கரைப்பதற்கென்றே பிளாஸ்மின் என்ற பொருள் நம் உடலில் உண்டு. கடினமாகப் பிடுங்கும்போது நசுங்கிய எலும்பும் சதையும் அந்தப் பொருளை வேளைக்கு முன்பே தூண்டிவிடுகின்றன. அது ஃபைப்ரின் வலையை அறுத்துவிடுகிறது.

சாதாரணமாகப் பல் பிடுங்குபவர்களில் நூறில் ஒருவர் முதல் ஐவர் வரைக்கு இது வருகிறது. கீழ்த்தாடை ஞானப்பல்லைச் சத்திரசிகிச்சை செய்து எடுப்பவர்களில் நூறில் முப்பது பேர்வரை என்று சில ஆய்வுகள் கூறுகின்றன. மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில் அதிகம். புகைப்பவர்களுக்கும், கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கும், முன்பு ஒருமுறை வந்தவர்களுக்கும் வாய்ப்புக் கூட. அத்தான் சுருட்டுக் குடிப்பவர். பிடுங்கிய அன்று மாலையே ஒன்றைப் பற்றவைத்தவர்.

உலர் குழியை அடையாளம் காண்பதற்கு நாட்களின் கணக்கே பெரிய உதவி. சாதாரணமாகப் பல் பிடுங்கிய வலி முதல் நாள் கூடுதலாக இருந்து நாளுக்கு நாள் இறங்கும். உலர் குழியின் வலி தலைகீழ். முதல் நாள் பரவாயில்லை. இரண்டாம் மூன்றாம் நாளில் ஏறுகிறது. காதுக்கு இழுக்கிறது. வாயில் கெட்ட நாற்றமும் கசந்த சுவையும் வரும். கண்ணாடியில் பார்த்தால் கருஞ்சிவப்புக் கட்டி இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறமாகவோ வெளுப்பாகவோ வெறும் குழி தெரியும்.

கன்னம் அல்லது தாடையின் கீழ்ப்பகுதி வீங்குதல், காய்ச்சல், சீழ் ஆகியவை உலர் குழியின் குணங்கள் அல்ல. அவை கிருமித் தொற்றின் குணங்கள். வாய் திறக்க முடியாமல் போனாலோ, நாக்குக்குக் கீழே வீங்கி விழுங்கவோ மூச்சுவிடவோ கடினமாக இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவென்றாலும் வாகனம் பிடித்து வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும். அது உயிர் போகக்கூடிய நிலை. அரை மணி நேரம் பஞ்சை இறுக்கிக் கடித்தும் நிற்காத இரத்தமும் அப்படித்தான், உடனே காட்ட வேண்டியது.

செய்ய வேண்டியதும் வேண்டாததும்

பல் பிடுங்கியதும் கொடுக்கும் பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குக் கொப்பளிக்கக் கூடாது, பலமாகத் துப்பக் கூடாது. அதன்பின், ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, உணவுக்குப் பின் மெதுவாக வாயில் அசைத்து விட வேண்டும். சுருட்டு, பீடி, சிகரெட் ஆகியவை குறைந்தது சில நாட்களுக்காவது வேண்டாம். வெற்றிலைத் தட்டத்தையும் ஒதுக்கி வைப்பது நல்லது. பாக்குத் துகள் அந்தக் குழிக்குள் போவதை யாரும் விரும்ப மாட்டார்கள். இளநீரைக் குழாய் வைத்து உறிஞ்சாதே என்று சொல்வதற்குப் பலமான ஆதாரம் இல்லை என்றாலும், சில நாட்கள் அப்படியே வாய் வைத்துக் குடிப்பதில் ஒரு நட்டமும் இல்லை.

உலர் குழி வந்துவிட்டால், பல் வைத்தியரிடம் திரும்பிப் போக வேண்டும். முல்லைத்தீவின் உட்கிராமங்களிலிருந்தோ மல்லாவிப் பக்கத்திலிருந்தோ இன்னொரு முறை பஸ் ஏறுவது ஒரு நாள் கூலியை இழப்பது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் பலர் வீட்டிலேயே தாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் அங்கே செய்யும் வேலை சிறியது, பலன் பெரியது. குழியை வெதுவெதுப்பான உப்புநீரால் மெதுவாகக் கழுவி, உணவுத் துகளை அகற்றி, வலி தணிக்கும் மருந்து தோய்த்த துணியையோ பசையையோ உள்ளே வைப்பார்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில், கூடினால் சில மணி நேரத்தில், வலி அடங்கும். சில நாட்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரலாம். முன்பு சிலர் குழியைச் சுரண்டி மீண்டும் இரத்தம் வரவைப்பார்கள். அது இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை.

அந்த மருந்தின் மணத்தை நம்மவர் உடனே கண்டுகொள்வார்கள். அது கராம்பு. கராம்பு எண்ணெயின் முக்கியப் பொருளான யூஜினால்தான் அந்தப் பசையில் இருக்கிறது. ஆகவே அத்தான் கராம்பை அடக்கியது முற்றிலும் அறியாமை அல்ல. ஆனால் மென்ற கராம்பின் சக்கை குழிக்குள் சிக்கும். வடித்த எண்ணெயை நேரே ஊற்றினால் சதை வெந்துபோகும். யூஜினாலுக்கு நரம்பை மரக்கச் செய்யும் குணமும் உண்டு, உயிரணுக்களைத் தாக்கும் குணமும் உண்டு. மருத்துவர் அளவோடு வைத்து, நெடுநாள் விடாமல் எடுத்துவிடுவது அதனால்தான்.

வலிக்குப் பனடோலோடு இபுப்ரோஃபெனையும் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றைத் தனியாகக் கொடுப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது. நம் பகுதியில் ஒரு எச்சரிக்கை மிக அவசியம். டெங்குக் காய்ச்சல் என்ற சந்தேகம் இருந்தால் இபுப்ரோஃபெனைத் தொடவே கூடாது, இரத்தப்போக்கு கூடும். வயிற்றுப்புண் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கும் ஆகாது. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் பரவியிருக்கிறது. தனக்கு அந்த நோய் இருப்பதே தெரியாத கமக்காரர்கள் உண்டு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் முன் மருத்துவரிடம் சொல்லி வாங்குங்கள்.

அயல் வீட்டு அமொக்சிசிலினைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். உலர் குழி என்பது பரவும் தொற்று அல்ல. நுண்ணுயிர்க்கொல்லி அதன் வலியைத் தீர்க்காது.

யாருக்கு அந்தப் புகழ்?

இப்போது கொய்யா இலைக்கு வருகிறேன். பந்தல் சரிந்த கொடியைப்போல, உலர் குழியிலும் ஓரங்களிலிருந்து புதிய சதை எலும்பின் மேல் மெல்லப் படர்கிறது. எலும்பு மூடப்பட்டதும் வலி நிற்கிறது. இதற்குப் பொதுவாக ஏழு முதல் பத்து நாட்கள், சிலருக்கு இன்னும் சற்றுக் கூட. எந்த மருந்தும் இல்லாமலே இது நடக்கும்.

அப்படியானால் எண்ணிப் பாருங்கள். பத்து நாட்களில் தானாகப் போகும் வலிக்கு, நாளொன்றுக்கு ஒரு வைத்தியமாகச் செய்துகொண்டே வந்தால், பத்தாம் நாள் வைத்தியத்துக்குத்தான் எப்போதும் வெற்றி. முதலாம் நாள் கொய்யா இலையும் ஒன்பதாம் நாள் சாராயமும் என்று வரிசை மாறியிருந்தால், அத்தான் இன்று பரந்தன் சந்தியில் சாராயத்தைப் போற்றிக்கொண்டிருப்பார். இன்னொரு சிக்கலும் உண்டு. மனிதர் மருந்து தேடி ஓடுவது வலி உச்சத்தில் இருக்கும்போதுதான். உச்சத்துக்குப் பின் இறக்கம் வருவது இயல்பு. ஆகவே எதைச் செய்தாலும் செய்த பின் கொஞ்சம் சுகம் தெரியும்.

இது அத்தானுக்கு மட்டுமான மயக்கம் அல்ல. முப்பது வருடம் பல் பிடுங்கிய மருத்துவருக்கும் இதே மயக்கம் வரும். அவர் வைத்த பசைக்குப் பின்னும் நோயாளி குணமாகிறார். குணமாகாதவர் வேறு மருத்துவரிடம் போய்விடுகிறார், அவர் கண்ணில் படுவதில்லை. அனுபவம் பொய் சொல்வதில்லை. ஆனால் அது பாதிக் கதையைத்தான் பார்க்கிறது.

மறுபாதியைக் காண என்ன வழி? கமக்காரருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. புதிய உரம் ஒன்று போட்ட வருடம் விளைச்சல் கூடினால், அது உரமா, மழையா, இரணைமடுவில் நீர் நிறைந்ததா என்று எந்தக் கமக்காரரும் கேட்பார். அதனால் ஒரே வயலில் சில பாத்திகளுக்கு உரம் போட்டு, சிலவற்றை விட்டுப் பார்க்கிறார்கள். எந்தப் பாத்திக்குப் போடுவது என்பதை மனிதர் தெரிவு செய்தால் நல்ல மண்ணைத் தன்னையறியாமல் தெரிவு செய்துவிடுவார். ஆகவே சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். இந்த முறையைக் கணிதத்தோடு நிறுவியவர் ரொனால்ட் ஃபிஷர். 1919இல் இங்கிலாந்தின் ரொதாம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்தில் சேர்ந்த அவர், அங்கேதான் இதை வகுத்தார். மருத்துவம் அதைப் பின்னர் எடுத்துக்கொண்டது. காசநோய்க்கு ஸ்ரெப்ரோமைசின் மருந்தைச் சீட்டுக் குலுக்கும் முறையில் சோதித்த புகழ்பெற்ற பிரித்தானிய ஆய்வு 1948இல் வெளிவந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீட மாணவர்கள் பாத்தி பிரிக்கும் அதே தர்க்கந்தான் இன்று உலகின் மருந்துகளைத் தீர்மானிக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு பெருமிதம் உண்டு. வயலிலிருந்து வைத்தியசாலைக்குப் போன அறிவு அது.

பல் ஆய்வில் இன்னும் அழகான வழி ஒன்று இருக்கிறது. ஒரே ஆளுக்கு இரு பக்க ஞானப்பற்களையும் எடுக்க வேண்டியிருந்தால், ஒரு பக்கத்துக்கு மருந்து, மறுபக்கத்துக்கு வெறும் பசை. அதே வயது, அதே பழக்கங்கள், அதே வாய். மண் முழுவதும் ஒரேமாதிரியான வயல் கிடைத்ததற்குச் சமம்.

வெறும் பசை எதற்கு, ஒன்றும் வைக்காமல் விட்டால் போதாதா என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பார்கள். இதற்கான விடையும் பல் பிடுங்கிய நோயாளிகளிடமிருந்தே வந்தது. 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் லெவின், கோர்டன், ஃபீல்ட்ஸ் ஆகிய மூவர், ஞானப்பல் எடுத்தவர்களுக்கு மருந்தே இல்லாத போலி ஊசியைப் போட்டார்கள். சிலருக்கு வலி குறைந்தது. பின்னர் அபின் வகை மருந்துகளின் செயலைத் தடுக்கும் நலொக்சோன் கொடுக்கப்பட்டபோது, போலி ஊசியால் சுகம் கண்ட அவர்களுக்கு வலி மீண்டும் கூடியது. மருந்து கிடைத்தது என்ற நம்பிக்கை, எண்டோர்பின் என்ற உடலின் சொந்த வலிநிவாரணியைச் சுரக்கவைத்திருக்கிறது என்பதே அவர்கள் கண்ட விளக்கம். அந்தச் சுகம் கற்பனை அல்ல. ஆனால் அது ஊசியிலிருந்த மருந்தின் வேலையும் அல்ல.

1985இல் கிரேஸ்லியும் அவருடன் பணிபுரிந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. இவர்களும் பல் எடுத்த நோயாளிகளைத்தான் பார்த்தார்கள். உண்மையான வலிமருந்து தங்களுக்குக் கிடைக்கக்கூடும் என்று எல்லா நோயாளிகளுக்கும் ஒரேமாதிரி சொல்லப்பட்டிருந்தது. ஊசி போடும் மருத்துவர்களுக்கு மட்டும் ஒரு வேறுபாடு தெரியும்: இந்தக் குழுவுக்கு வலிமருந்து கிடைக்கவே வாய்ப்பில்லை, அந்தக் குழுவுக்குக் கிடைக்கலாம். இரு குழுவிலும் போலி ஊசி பெற்றவர்களை ஒப்பிட்டபோது, வாய்ப்பு உண்டு என்று மருத்துவர் அறிந்திருந்த குழுவில் வலி தெளிவாகக் குறைவாக இருந்தது. மருத்துவர் வாய் திறந்து எதையும் சொல்லவில்லை. அவர் மனதில் இருந்தது எப்படியோ நோயாளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இதை முதன்முதல் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் எது மருந்து என்று தெரியாமல் மறைத்துச் சோதிப்பது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

நேர்மை எங்கே வழுக்குகிறது

மருத்துவ ஆய்வில் நேர்மையீனம் என்றதும் முழுப் பொய்தான் நினைவுக்கு வரும். அப்படியும் நடந்திருக்கிறது. ஜோன் சுட்போ என்ற நோர்வே பல் வைத்தியரும் மருத்துவருமானவர், 2005 ஒக்ரோபரில் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். இபுப்ரோஃபென் போன்ற வலிமருந்துகளை நெடுங்காலம் எடுத்த புகைப்பவர்களுக்கு வாய்ப்புற்றுநோய் குறைவு என்றது அது. 908 பேரின் விவரங்கள் அதில் இருந்தன. நோர்வேயின் பொதுச் சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய கமிலா ஸ்ரோல்ரென்பெர்க் அதைப் படித்தபோது, சுட்போ பயன்படுத்தியதாகச் சொன்ன தரவுத்தளம் அப்போது திறக்கப்படவே இல்லை என்பதைக் கவனித்தார். 2006 ஜனவரியில் உண்மை வெளிவந்தது. 908 பேரும் கற்பனை மனிதர்கள். அவர்களில் 250 பேருக்கு ஒரே பிறந்தநாள்.

இலங்கை ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் மடியில் கட்டிக்கொண்டு வயலுக்குப் போகும் எங்கள் ஊர்களில், ‘இந்த மாத்திரையைப் போட்டால் புற்றுநோய் வராதாம்’ என்ற செய்தி எப்படிப் பரவியிருக்கும்! புகையிலையை விடாமல் மாத்திரையை மட்டும் எடுத்து, சிறுநீரகத்தையும் இழந்து, புற்றுநோயையும் வாங்கியிருப்பார்கள். ஒஸ்லோவில் ஒரு கணினியில் தட்டிய பொய்யின் கூலியை நெடுங்கேணியில் ஒருவர் கொடுக்க நேர்ந்திருக்கலாம். கோபம் வராமல் இதை என்னால் எழுத முடியவில்லை.

அமெரிக்காவில் ஸ்கொட் ரூபன் என்ற மயக்கமருந்து மருத்துவர், சத்திரசிகிச்சைக்குப் பின்னான வலியைப் பற்றி எழுதிய கட்டுரைகளில் குறைந்தது 21, செய்யாத ஆய்வுகளின் மேல் நின்றவை என்று 2009இல் தெரியவந்தது. அடுத்த ஆண்டு அவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

ஆனால் இப்படிப்பட்ட முழுப்பொய்கள் அரிது. நான் கூடுதலாக அஞ்சுவது சிறு சறுக்கல்களுக்கு. உலர் குழி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2002இல் ப்ளம் என்பவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, உலர் குழி என்றால் என்ன என்பதற்கே 17 வெவ்வேறு வரைவிலக்கணங்கள் இருந்தன. வலி மட்டும் போதுமா? குழி வெறுமையாக இருக்க வேண்டுமா? நாற்றமும் வேண்டுமா? எதை ஏற்கிறோம் என்பதைப் பொறுத்து அதே நோயாளிகளில் எண்ணிக்கை ஏறும், இறங்கும். ஆய்வு முடிந்த பின், தன் மருந்துக்குச் சாதகமான வரைவிலக்கணத்தை ஒருவர் தெரிவு செய்தால், அவர் ஓர் எண்ணையும் மாற்றவில்லை. ஆனாலும் முடிவு பொய். திரும்பி வராத நோயாளிகளைக் குணமானவர்களாகக் கணக்கிடுவதும், மருந்து வேலை செய்யவில்லை என்று காட்டிய ஆய்வை மேசை இழுப்பறையில் வைத்துவிடுவதும் இதே இனம். இவற்றைச் செய்பவர் தன்னைப் பொய்யர் என்று எண்ணுவதே இல்லை.

அதனால்தான், எதை அளப்போம், எப்படி அளப்போம் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே பொதுவில் பதிவு செய்ய வேண்டும் என்ற ஒழுங்கு வந்தது. முக்கிய மருத்துவ இதழ்கள் 2005 முதல் இதைக் கட்டாயமாக்கின. இலங்கையின் மருத்துவச் சோதனைகள் பதிவேடு 2006இல் தொடங்கப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் ஏற்ற பதிவேடுகளில் அதுவும் ஒன்று.

உலர் குழி ஆய்வுகள் எல்லாவற்றையும் சலித்துப் பார்த்த கொக்ரேன் அமைப்பின் 2022ஆம் ஆண்டு மீளாய்வு, 49 சோதனைகளை எடுத்துக்கொண்டது. அவற்றில் 39 தடுப்பது பற்றியவை, 10 மட்டுமே வந்தபின் சிகிச்சை பற்றியவை. பிழைகளுக்கு இடம் குறைவு என்று நம்பத்தக்கவையாக இருந்தவை மூன்று மட்டுமே. பல் எடுப்பதற்கு முன்னும் பின்னும் குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த நீரால் கொப்பளிப்பதும், குழிக்குள் குளோரெக்சிடின் களிம்பு வைப்பதும் உலர் குழி வரும் வாய்ப்பைக் குறைக்கின்றன என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. வந்துவிட்ட பின் எந்தப் பசை சிறந்தது என்று உறுதியாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. நூறு வருடத்துக்கு மேலாக வைத்துவரும் மருந்தைப் பற்றி இப்படி எழுதுவதற்குத் துணிவு வேண்டும். என் கண்ணுக்கு அந்த வரிதான் முழு மீளாய்விலும் பெறுமதியானது.

குளோரெக்சிடினுக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. பிரித்தானியாவில் உலர் குழியை அந்த மருந்தால் கழுவிய பின் கடும் ஒவ்வாமையால் இருவர் இறந்ததை 2012இல் அந்நாட்டுப் பற்சிகிச்சை இதழ் ஒன்று வெளிப்படையாக எழுதியது. மிக அரிதான விளைவு. ஆனாலும் திறந்த குழியை வெறும் உப்புநீரால் கழுவுவது போதும் என்ற கருத்து அதன்பின் வலுத்தது. கொப்பளிக்கும் மருந்து தரும்போது, முன்பு ஏதாவது மருந்துக்கு உடல் தடித்ததா, மூச்சு முட்டியதா என்று கேட்பார்கள். மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இரண்டு வருடங்களுக்குப் பின் அத்தானுக்கு மறுபக்கக் கொடுப்புப் பல்லையும் எடுக்க வேண்டிவந்தது. இம்முறை வேறு பல் வைத்தியர். சுருட்டைப் பத்து நாட்களுக்கு விடச் சொன்னார். கொப்பளிக்க மருந்து கொடுத்தார். அத்தான் இரண்டையும் கேட்டு நடந்தார். அவர் பயந்துகொண்டிருந்த மூன்றாம் இரவு அமைதியாகக் கழிந்தது. நான்காம் நாள் நான் போனபோது, முற்றத்து வேம்பின் கீழ் உட்கார்ந்து, அந்த மருந்துப் போத்தலை என்னிடம் காட்டினார். “தம்பி, கொய்யா இலையைவிட இதுதான் திறம்” என்றார்.

“சுருட்டை விட்டதும் இந்த முறைதானே?” என்று உள்ளேயிருந்து அக்கா கேட்டார்.

அத்தான் போத்தலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அந்தப் பல்லும் முன்னையதைப்போல இறுகிப்போய் இருக்கவில்லை” என்றார்.